பாலத்துக்கு இந்தப் பக்கம்

அந்தப் பையை நல்லா உள்ள தள்ளிக்கோங்கக்கா. மிதிபட்டாலும் பரவாயில்லை, வெறும் பைதான். உள்ள ஒண்ணும் கிடையாது. திரும்பி வரும்போதுதான் கனக்கும். எம் மக சாமானெல்லாம் அதுலதான் வரணும்.

ஆமா, மதுரைக்குத்தான். கௌசல்யான்னு பேரு, நர்சிங் படிக்கிறா, முதல் வருசம். கூட்டிட்டு வரப் போறேன். லீவா? லீவெல்லாம் இல்லைக்கா. படிப்பை நிறுத்திக் கூட்டிட்டு வந்துரலாம்னுதான். நிறுத்துறதுன்னா ஒரேயடியா இல்லை, ஒரு வருசம். ஒரு வருசம் வீட்டுல இருந்து கொஞ்சம் தெம்பு ஏத்திக்கிட்டு அப்புறம் போகட்டும். அதுக்குள்ள படிப்பு எங்க ஓடிப் போகப் போகுது.

என்ன, போனைப் பார்க்கிறீங்க. கேம்தான். சிவகாசியில பஸ் ஏறுனதுல இருந்து நீங்க ஓரக்கண்ணால பார்க்கிறது எனக்குத் தெரியும், தப்பா ஒண்ணும் நினைக்கலை. இந்த வயசுல ஒரு பொம்பளை பஸ்ல உட்கார்ந்து பொம்மையை நடக்க விட்டுக்கிட்டு இருந்தா யாருக்கும் பார்க்கத்தான் தோணும். எங்க தெருவுல எனக்குப் பேரே கேம்காரிதான். முகத்துக்கு நேரா யாரும் சொல்றதில்லை. சொன்னாலும் நான் கவலைப்படப் போறதில்லை.

இது எங்க வீட்டுக்காரர் கேமு. அவுக பேரு ஜெயக்கொடி. இதோ, கையில கத்தியோட ஒரு சின்னப் பொம்மை நிக்கிது பாருங்க, இவன் பேரு ஜெயா. இந்தக் கேம்ல நாலு இங்கிலீஷ் எழுத்துக்கு மேல பேரு வைக்க விடாதாம். அதனால முழுப்பேரை வைக்க முடியாம ஜெயான்னு வச்சாக. நானும் அப்படியே விட்டுட்டேன்.

இல்லைக்கா, அவுக இல்லை. போய்ச் சேர்ந்துட்டாக. கௌசி பிளஸ் டூ படிக்கிற வருசம்.

பட்டாசு ஆலையில மருந்து கலக்குற வேலை. மருந்துன்னா உங்களுக்குத் தெரியும்ல, வெடிக்குப் போடுற மருந்து. நல்ல வெயில் நாளு. எங்க உரசுச்சோ என்னமோ, பிடிச்சுக்கிச்சு. கூட இருந்த ரெண்டு பேரு அங்கனயே போயிட்டாக. இவுக கதவோரமா இருந்ததால வெளிய வந்து விழுந்துட்டாக. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும், நெஞ்சுல ஒரு பக்கம் முழுக்க. முகத்துல ஒரு பொட்டுக் காயம் இல்லை. பார்க்க வந்தவுக எல்லாம், முகம் தப்பிச்சிருச்சேன்னு ஆறுதல் சொன்னாக. எனக்கும் அப்ப அதுதான் பெரிய ஆறுதலா இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில வச்சிருந்து, கொஞ்சம் தேறுனதும் வீட்டுக்கு அனுப்பிட்டாக. ரெண்டு கையிலயும் துணி சுத்தியிருக்கும். சோறு ஊட்டணும், தண்ணியை வாயில வைக்கணும், மூக்குல ஈ உட்கார்ந்தாலும் நான்தான் ஓட்டணும். மனுசன் மேல ஓடுற ஃபேனைப் பார்த்தபடியே கிடப்பாக. அதைப் பார்க்கப் பொறுக்காமத்தான் கௌசி இந்தக் கேமை எங்கேயோ தேடிப் பிடிச்சு போன்ல ஏத்திக் கொடுத்தா. ரொம்பப் பழைய கேமு. கல்யாணத்துக்கு முன்னாடி அவ அப்பா அச்சாபீசுல வேலை பார்த்தப்ப, பக்கத்துக் கடையில டிவியில கேசட் போட்டு விளையாடுனது. அதைப் பத்தி மககிட்ட நிறையச் சொல்லியிருக்காக. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பனும் மகளும் அப்படித்தான், ஒரு கட்சி.

அந்தக் கடையில ஒரு தொல்லை. கேசட்டுல ஒரே ஒரு ஆளோட ஆட்டம்தான் பதிஞ்சு நிக்குமாம். இவுக விளையாடி, சேவ் பண்ணி வச்சுட்டு வருவாக. மறுநாள் போனா எவனோ அதை அழிச்சுட்டு அவன் பேரைப் போட்டிருப்பான். மறுபடியும் முதல்ல இருந்து. அதே ஊரு, அதே ராஜா, அதே குட்டி மிருகம். அந்த ஊருக்குக் கிழக்க ஒரு பாலம் இருக்கு. அதைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லையாம். "சாகுறதுக்குள்ள ஒரு தடவை அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்த்துறணும் காளீஸ்வரி"ன்னு சொன்னாக. காளீஸ்வரி நான்தான்.

அவுக ரெண்டு கையும் கட்டுக்குள்ள கிடக்கு. அதனால அவுக சொல்லணும், நான் பட்டன் அமுக்கணும். இடது, வலது, மேல, கீழ. எனக்குக் கோபம் கோபமா வரும். அடுப்புல உலை கொதிக்குது, நான் இங்க பொம்மைக்கு வழி காட்டிக்கிட்டு இருக்கேன். முதல் நாளு அரண்மனை வாசல் வழியா வெளிய வர்றதுக்குள்ள பெரும்பாடாப் போச்சு. சுவத்துலயே போய் முட்டுறேன், திரும்புறேன், மறுபடியும் முட்டுறேன். அவுக சிரிச்சாக. நெஞ்சுப் புண்ணு இழுக்குது, சிரிக்கவும் முடியலை, சிரிப்பை நிறுத்தவும் முடியலை, கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்தச் சிரிப்புக்காகத்தான்கா மறுநாளும் நான் போனை எடுத்தேன்.

எப்படின்னு சொல்றேன் கேளுங்க. ஆரம்பத்துல இவன் கையில ஒரு கம்பு, உடம்புல ஒரு துணி, அவ்வளவுதான். ராஜா கூப்பிட்டு, போய் அரக்கனைக் கொன்னுட்டு வான்னு சொல்றாரு. நல்ல ராஜா. ஊரை விட்டு வெளிய வந்தா ஒரே புல்லுக்காடு. கொஞ்ச தூரம் நடந்தா ஒரு மிருகம் வந்து மறிக்கும். முதல்ல வர்றது நீலக் கலர்ல, கொழுக்கட்டை மாவைப் பிடிச்சு வச்ச மாதிரி இருக்கும். அதை நீங்க அடிக்கணும், அது உங்களை அடிக்கும். சாய்ச்சுட்டா உங்களுக்குப் புள்ளி. புள்ளி சேர்ந்தா லெவல் ஏறும். மேளம் மாதிரி ஒரு சத்தம் வரும், உயிரு கூடும், பலம் கூடும். உயிரு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சுன்னா ஊருக்குள்ள ஓடிப் போய் சத்திரத்துல படுக்கப் போட்டுறணும். எந்திரிச்சா உயிரு நெறைஞ்சிருக்கும். மறுபடியும் வெளிய வரணும், அடிக்கணும், ஓடணும், படுக்கணும். இதைத்தான் லெவல் ஏத்துறதுன்னு சொல்றது.

எனக்கு அது பிடிச்சுப் போச்சுக்கா. பொய் சொல்லலை. நம்ம பொழைப்புல எவ்வளவு உழைச்சாலும் ஏறுனமா எறங்குனமான்னே தெரியறதில்லை. இதுல அடிச்ச அடிக்கு உடனே மேளம் கொட்டுது. சோறு வடிச்சுட்டு ஒரு சுத்து, துணியை ஊறப் போட்டுட்டு ஒரு சுத்து. அவுக தூங்குறப்பகூட நான் பாட்டுக்கு அடிச்சு ஏத்தி வச்சிருப்பேன். முழிச்சுப் பார்த்து, "அடிப்பாவி, இத்தனை லெவலா"ம்பாக. பெருமையா இருக்கும்.

நல்ல கத்தி ஒண்ணு வாங்குனதும் ஆரம்பிச்சுட்டாக. பாலத்தைத் தாண்டு, பாலத்தைத் தாண்டுன்னு. சரி, ஆசைக்குச் சொல்றாகன்னு தாண்டினேன். அந்தப் பக்கம் கொஞ்சதூரம்கூடப் போயிருக்க மாட்டேன், ஒரு தேளு வந்துச்சு. ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். ரெண்டே கொட்டு. பாட்டு நின்னு போச்சு. எழுத்தெல்லாம் செவப்பாயிருச்சு. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். எழுத்துக்கூட்டி வாசிச்சேன். ஜெயா செத்துட்டான்னு போட்டிருந்துச்சு.

போனைக் கீழ போட்டுட்டேன். அவுக சிரிக்கிறாக. "ஏ கிறுக்கி, இதுல செத்தா ஒண்ணும் ஆகாதுடி. ராஜா முன்னாடி போய் எந்திரிச்சிருவான். எடு போனை." எப்படிக்கா எடுக்கிறது. அந்தப் பேரையும் அந்த வார்த்தையையும் ஒண்ணா வச்சுப் பார்த்துட்டேன். ஆலை வாசல்ல ஒவ்வொரு பேரா வாசிச்சப்ப, அடுத்து இவுக பேருதான் வரப்போகுதுன்னு காதைப் பொத்திக்கிட்டு நின்னவ நான். எனக்குத்தான் தெரியும்.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். இனி அந்தப் பாலத்துப் பக்கம் போறதுன்னா நல்லா ஏத்திக்கிட்டுத்தான் போகணும். எது வந்து கொட்டினாலும் அசையாத மாதிரி ஏத்தணும். அதுவரைக்கும் ஊரைச் சுத்தித்தான். இதுல என்னக்கா தப்பு.

வேர்க்கடலை வேணுமா உங்களுக்கு? வேண்டாமா. விருதுநகர்ல ஏறுற கடலை நல்லாத்தான் இருக்கும். சரி.

அந்தச் சமயத்துலதான் எங்க ஊரு டாக்டரு கட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டு, மதுரைக்குக் கொண்டு போங்கன்னாரு. தொடையில இருந்து தோலை எடுத்து நெஞ்சுல வச்சுத் தைக்கணுமாம். தள்ளிப் போடாதீங்க, சீழ் வைக்கிற மாதிரி இருக்குன்னாரு. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இவுக உடம்பு அதைத் தாங்குமா சார்? "ரத்தம் கம்மியாத்தான் இருக்கு, அதையெல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க, நீங்க கிளம்புங்க"ன்னாரு. பார்த்தீங்களா, ரத்தம் கம்மின்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. ரத்தம் கம்மியா இருக்கிற மனுசனைக் கத்தி வைக்கக் கொண்டு போறது எந்த ஊரு நியாயம். கம்பை வச்சுக்கிட்டு அரக்கனை அடிக்கப் போன்னு சொல்ற ராஜாவுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்.

நான் போக மாட்டேன்னு சொல்லலைக்கா. அதை எல்லாரும் மாத்திப் பேசுறாக. கொஞ்சம் தேறட்டும், போவோம்னுதான் சொன்னேன். சும்மாவும் இருக்கலை. ஆட்டுக்கால் சூப்பு, முட்டை, முருங்கைக்கீரை, ரத்தம் ஊறும்னு சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரலு, அதை வாங்கி வதக்கிக் கொடுத்தேன். தினம் கண்ணு இமையை இழுத்துப் பார்ப்பேன், செவப்பு ஏறியிருக்கான்னு. என்னை மாதிரி ஒருத்தி பார்த்திருக்க முடியாது. அதை அவுகளே சொல்லியிருக்காக.

ஆனா ஒண்ணு. லெவல் ஏற ஏற அடுத்த லெவலுக்கு நிறையப் புள்ளி கேக்கும். இந்தக் கொழுக்கட்டையை அடிச்சா எப்பவும் அதே ஒரு புள்ளிதான். ஆரம்பத்துல உலை கொதிக்கிறதுக்குள்ள ஏறுன லெவலு, அப்புறம் ஒரு வாரம் ஆனாலும் ஏறலை. அவுகளுக்குப் பொறுமை போயிருச்சு. "இதுகளை அடிச்சு இனி ஏறாதுடி. பெருசை அடிச்சாத்தான் ஏறும். அந்தப் பக்கம் போனாத்தான் பெருசு வரும். ஊரைச் சுத்திக்கிட்டே இருந்தா இருந்த மாதிரியே இருக்க வேண்டியதுதான்"னாக. நான் சொன்னேன், ஏறுற வரைக்கும் ஏறட்டும், என்ன அவசரம், யாரும் நம்ம ஆட்டத்தை அழிக்கப் போறதில்லை. அவுக என் முகத்தையே பார்த்தாக. சரின்னு ஒத்துக்கிட்டாகன்னு நினைச்சேன்.

எங்க ஒத்துக்கிட்டாக. ஒரு நாளு நான் குழாயடிக்குப் போயிட்டு வந்து பார்க்கிறேன், போனைத் தலகாணி மேல எப்படியோ தள்ளி வச்சுக்கிட்டு, தாவாக்கட்டையால பட்டனை அமுக்கிக்கிட்டு இருக்காக. வேர்த்து ஊத்துது. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சிருக்கு. ஜெயா பாலத்து மேல ஏறிட்டான். இன்னும் ரெண்டு எட்டுதான். வெடுக்குன்னு பிடுங்கிட்டேன். பிடுங்கி, அவனைத் திருப்பி ஊருக்குக் கூட்டிட்டு வந்து, சத்திரத்துல படுக்க வச்சு, சேவ் பண்ணி, போனை பீரோ மேல வச்சுட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதாக. "ஏன்டி இப்படிப் பண்றே"ன்னாக. எனக்கும் அழுகை வந்துச்சு. ஆனா உடம்பு சரியில்லாத பிள்ளை ஐஸ் கேட்டா வாங்கிக் கொடுத்துருவமா.

அதுக்கப்புறம் அவுக கேமைப் பத்திப் பேசலை. எதைப் பத்தியுமே ரொம்பப் பேசலை. காய்ச்சல் வந்துச்சு, போச்சு, வந்துச்சு. வீட்டுக்குள்ள ஒரு வாடை. ஜன்னலைத் திறந்து வச்சாலும் போகாது. கௌசி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசல்லயே நின்னு, "அம்மா, அப்பாவை மதுரைக்குக் கொண்டு போம்மா"ம்பா. நான் சாம்பிராணி போட்டேன். காலையிலயும் போட்டேன், சாயங்காலமும் போட்டேன். முகம் மட்டும் அப்படியே இருந்துச்சுக்கா. கன்னம்கூடக் கொஞ்சம் பூசுன மாதிரி இருந்துச்சு. சூப்பு பிடிக்குதுன்னு எனக்குச் சந்தோசம். அது வீக்கம்னு பின்னாடி எவளோ சொன்னா. சொல்றதுக்கு என்ன, சொல்லுவாக.

அப்பத்தான் எங் கொழுந்தன் வந்தான், பாண்டிக்குமார். திருப்பூர்ல இருக்கான். கௌசிதான் போன் போட்டு வரச் சொல்லியிருக்கா, எனக்குத் தெரியாம. வந்தவன் அண்ணன் பக்கத்துல போய்ப் போர்வையைத் தூக்கிப் பார்த்தான். வெளிய வந்து வாந்தி எடுத்தான். எடுத்துட்டு என்னைப் பார்த்து, "அண்ணி, நீ மனுசிதானா"ன்னு கேட்டான். அந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன். ராத்திரி பகல்னு பார்க்காம பீ மூத்திரம் அள்ளுனவளைப் பார்த்துக் கேட்குற கேள்வியா அது. ஆம்புலன்சை அவனே கூப்பிட்டான். நான் வாசலை மறிச்சுக்கிட்டு நின்னேன். இன்னும் ஒரு வாரம் கொடு, இமையில இப்பத்தான் செவப்பு ஏறுது, ஒரே ஒரு வாரம்னு கெஞ்சுனேன். என் கையைப் பிடிச்சு இழுத்து ஓரமா நிறுத்திட்டு அண்ணனைத் தூக்கிட்டுப் போனான்.

ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு அவுக கண்ணு பீரோ பக்கம் போச்சு. "போனை எடுத்துக்கோ காளீஸ்வரி. போற வழியில தாண்டிருவோம்"னாக. குரலே இல்லை, காத்துதான் வந்துச்சு. நான், வந்து பார்த்துக்கலாம்ங்கன்னு சொன்னேன். அந்த நேரத்துல ஸ்டூலைப் போட்டு ஏறிப் போனை எடுக்கிறதா, சொல்லுங்க.

திருமங்கலம் தாண்டலைக்கா. இதோ, இன்னும் கொஞ்ச நேரத்துல வரும், ரயில்வே கேட்டுக்கு முன்னாடி. அங்கனதான். மூச்சு ரெண்டு தடவை பெருசா இழுத்துச்சு. அப்புறம் இழுக்கலை.

வீட்டுல கிடந்த வரைக்கும் உயிரோட கிடந்தாக. வெளிய எடுத்தாக, போயிட்டாக. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும். மதுரையில கொண்டு போய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில இருந்த டாக்டரம்மா, ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமேம்மான்னாங்க. எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவாங்களா இருக்கும். எங் கொழுந்தன் கருமாதி அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னான், அண்ணி கொன்னுட்டான்னு. நான் பதிலுக்குச் சொன்னேன், நான் லெவல் ஏத்திக்கிட்டு இருந்தேன், நீதான் பாதியில இழுத்துட்டுப் போனேன்னு. யாருக்கும் புரியலை. பைத்தியம் பிடிச்சுருச்சுன்னு நினைச்சுட்டாக.

என்னக்கா, ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. வெயில் அடிக்குதா? இந்தத் துணியைப் போட்டுக்கோங்க.

கௌசிக்கு நர்சிங்தான் வேணும்னு ஒரே பிடிவாதம். பாண்டிக்குமார்தான் அலைஞ்சு சேர்த்துவிட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. அவ ஒல்லிக்குச்சி, ஒரு வாய் கூடச் சாப்பிட மாட்டா, ஒரு எலி செத்தாக்கூட அழுவா. அவளுக்கு நர்சிங். போறதுக்கு முந்துன நாளு நான் கடைக்குப் போயிட்டு வந்து பார்த்தா, இந்தப் போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. "அம்மா, இங்க வந்து பாரேன்"னா. பார்த்தா ஜெயா எங்கேயோ நிக்கிறான். நான் பார்க்காத இடம். வெள்ளையா மணலு, பக்கத்துல கடலு, தூரத்துல ஒரு ஊரு.

பாலத்தைத் தாண்டிட்டா அவ.

"எல்லாம் ஒரே அடிதாம்மா. அந்தத் தேளு ஒரே அடி. எலும்புக்கூடு ஒரே அடி. பெரிய பெரிய ஓநாய் ஒரே அடி. எதுவுமே இவனை ஒண்ணும் பண்ண முடியலை. எப்பவோ போயிருக்கலாம்மா"ன்னா. சொல்லிட்டுப் போனை நெஞ்சோட வச்சுக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதா. அப்பா பேரைச் சொல்லி அழுதா. நான் சொன்னேன், ஏன் ஒரே அடியில போச்சு, அம்மா அவ்வளவு ஏத்தி வச்சதாலதானே. அதுக்கு அவ என்னைப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை, அவ சித்தப்பன் பார்த்த மாதிரியே. நான் ஒருத்தி மாடா உழைச்சு ஏத்தி வச்சது யாருக்கும் தெரியறதில்லை.

அவ குளிக்கப் போனதும் போனை எடுத்தேன். ரொம்பத் தூரம் போயிருந்தான்கா. வழியே தெரியலை. மலையைச் சுத்தி, ஒரு சதுப்புக்காட்டுக்குள்ள விழுந்து, திரும்பி, கடலோரமாவே நடத்தி, எப்படியோ பாலத்தைக் கண்டுபிடிச்சுட்டேன். தாண்டினேன். ஊருக்குள்ள கூட்டிட்டு வந்து சத்திரத்துல படுக்க வச்சு சேவ் பண்ணிட்டேன். அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

வந்து பார்த்துட்டு அவ கத்தவெல்லாம் இல்லை. "ஏம்மா திரும்பக் கூட்டிட்டு வந்தே?"ன்னு மட்டும் கேட்டா. மறுநாள் பஸ் ஏறுற வரைக்கும் என்கூடப் பேசலை. போய்ச் சேர்ந்த மறுவாரம் போன் பண்ணி அழுதா. வார்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, தீக்காயம் பட்ட ஒரு ஆளுக்குக் கட்டு மாத்துறதைப் பார்த்திருக்கா. அப்பா வாடைம்மான்னு அழுதா. அப்புறம் போன் பண்ணி, "இப்பப் பழகிருச்சும்மா, நானே கட்டு மாத்தினேன், அந்த ஆளு தேறி வீட்டுக்குப் போகப் போறாரு"ன்னு சிரிச்சுக்கிட்டுச் சொல்றா. சிரிச்சா நம்பிருவனா. அவ அப்பாவும்தான் சிரிச்சாக.

அதான் கிளம்பிட்டேன். ஒரு வருசம். நல்லாச் சாப்பிடட்டும், உடம்பைத் தேத்தட்டும், மனசு கல்லாகட்டும். அப்புறம் நானே கொண்டு போய் விடுறேன். நான் வர்றது அவளுக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும், யாரோ சொல்லியிருக்காக. அதான் வரிசையா போன் பண்ணிக்கிட்டு இருக்கா. இதோ, மறுபடியும். பார்த்தீங்களா, கௌசின்னு வருது. எடுக்க மாட்டேன். எடுத்தா, வராதம்மான்னுவா, அழுவா, எனக்கு மனசு இளகிரும். அடிச்சு ஓயட்டும்.

ஓஞ்சிருச்சு.

நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுதுக்கா. பிள்ளை இருந்துட்டுப் போகட்டுமேன்னுதானே. எல்லாரும் அதைத்தான் சொல்றாக. நீங்களும் அந்தக் கட்சிதான். இருக்கட்டும், கோபமில்லை. உங்க மக எங்க இருக்கா? சென்னையா. தனியாவா? சரி சரி.

இது திருமங்கலம்தான். கேட்டு திறந்துதான் இருக்கு. அன்னைக்கு மூடியிருந்துச்சு.

இங்க பாருங்க, ஒரு வேடிக்கை காட்டுறேன். ஊருக்கு வெளிய வர்றேன். நடக்கிறேன். அந்தா, கொழுக்கட்டை வந்துருச்சா. இப்ப அடிக்கப் போறேன் பாருங்க. ஓடிருச்சு. இன்னொண்ணு வரும் பாருங்க. அதுவும் ஓடிருச்சு. இவன் இப்ப அவ்வளவு பலசாலி, இவனைப் பார்த்தாலே எல்லாம் ஓடிருதுக. அடிக்க ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது. அடிச்சாத்தானே புள்ளி. மாசக் கணக்கா மேளச் சத்தமே கேட்கலைக்கா. இந்தப் புல்லுக்காட்டுல இவன் மட்டும் தனியா நடந்துக்கிட்டு இருக்கான். இன்னும் ஒரு ரெண்டு லெவல் ஏறிட்டா எனக்கு நிம்மதி. அப்புறம் தாண்டிரலாம்.

அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க, முன்னாடியே எழுந்திரிச்சுக்கிறேன், கூட்டமா இருக்கும்.

வர மாட்டேன்னு சொல்லுவாளா? வருவாக்கா. சண்டை போடக் கூடாது, அவ்வளவுதான். கையைப் பிடிச்சு மெதுவா நடத்தினா வருவா. ஜெயா வந்தானே.